மெலாந்த்ரோ மாமாவின் கை

காஸ்த்ரொபியான்காவில் பிறந்த யாரும் புனிதரைப் புனிதர் என்று கூப்பிடுவதில்லை. மாமா என்றுதான். மழை வரவில்லையா, மாமாவிடம் சொல். ஜெர்மனிக்குப் போன பையன் போனை எடுக்கவில்லையா, மாமாவிடம் சொல். சான் மெலாந்த்ரோ என்று முழுப் பெயர் சொல்பவர் பங்குத்தந்தை சவேரியோ ஒருவர்தான். அவர் பட்டணமான பலேர்மோவிலிருந்து வந்தவர், அவரை என்ன சொல்வது.

மாமா ரோமாபுரிப் படையில் சிப்பாயாக இருந்தாராம். கையில் ஒன்றுமில்லாதவர்களை வெட்டமாட்டேன் என்று வாளைக் கீழே போட்டாராம். போட்ட கையை அந்த இடத்திலேயே வெட்டிவிட்டார்களாம். அந்த முன்கை எலும்புதான் கோயிலில், வெள்ளியில் செய்த கை ஒன்றுக்குள், சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மாமா கடைசிவரை பிரம்மச்சாரி. ஆகவே பெண் கை அவர்மேல் படக்கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சகோதர சபையில் இருக்கும் ஆண்களைக் கேட்டால், மாமாவே நேரில் வந்து காதில் சொல்லிவிட்டுப் போனதுபோலப் பேசுவார்கள்.

வெள்ளிக் கையின் சாவி தானோவின் கழுத்தில் தொங்கியது. அவர் ஊர் பஸ் ஓட்டும் ஃபிலிப்பாவின் அப்பா. எண்பதை நெருங்கிவிட்டவர், முழங்கால் போய்விட்டது, காதும் பாதி போய்விட்டது, ஆனால் தினமும் காலையில் போய்க் கண்ணாடியைத் துடைத்து, முந்தின நாள் ஊரில் நடந்ததையெல்லாம் மாமாவிடம் ஒப்பித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். ஃபிலிப்பாவுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம். அம்மா உயிரோடிருந்த காலத்தில்கூட வீட்டுச் சண்டை முதலில் மாமா காதுக்குத்தான் போகும்.

இன்னொரு விஷயமும் ஃபிலிப்பாவுக்குத் தெரியும். ஊரே சாப்பிட்டுவிட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கும் கோடை மத்தியானங்களில், காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது ஒரு தாய் வீட்டுப் பின்கதவைத் தட்டுவாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு போவார். கால் மணி நேரம் கழித்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு திரும்பி வருவார். அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஊரில் பஸ் ஓட்டுகிறவளுக்கு வாயை எப்போது திறக்கக்கூடாது என்று தெரியாதா.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புது ஆயர் வந்து, மறைமாவட்டத்தில் இருக்கும் புனிதர்களின் எலும்பு முதலான எல்லாத் திருப்பண்டங்களையும் விஞ்ஞானிகளிடம் காட்டிச் சோதித்த பிறகுதான் சப்பரத்தில் ஏற்றலாம் என்று உத்தரவு போட்டார். பக்கத்து ஊரில் ஒரு புனிதரின் தொடையெலும்பு கோவேறு கழுதையுடையது என்று தெரிந்துபோனதாகப் பேச்சு. அந்த ஊர்க்காரர்கள் இப்போது சந்தையில் யாரோடும் பேசுவதில்லை.

இங்கே வந்தவர் ஒர்னெல்லா. வடக்கே பதோவாவில் எலும்புகளைப் படிக்கும் பேராசிரியை. மெல்லிய உடம்பு, பெரிய கண்ணாடி, பேச்சில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பீடத்துக்குப் பின் அறையில் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டி, ஊசிபோல ஒரு துளைப்பானை அவர் எடுத்ததும், தானோ இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாம்மா. வலிக்கப்போகுது.”

“அவருக்கு வலிக்காதுங்க.”

“அவருக்கில்ல. எனக்கு.”

ஒர்னெல்லா ஒரு நொடி நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு உண்மையிலேயே மெதுவாகச் செய்தார். எலும்பின் உள்ளிருந்து சிட்டிகைப் பொடி எடுத்துக் குப்பியில் அடைத்தார். அந்த ஒரு நொடிக்காகவே ஃபிலிப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவளும் தொடக்கூடாதவள்தான், ஆனால் வாசற்படியில் நின்று பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

“இதை இதுவரைக்கும் கையால தொட்டவங்க எல்லாரும் வந்து வாயைத் திறக்கணும். பஞ்சால கன்னத்து உள்பக்கம் ஒரு தடவு. உங்க தடயம் எது, எலும்போடது எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்,” என்றார் ஒர்னெல்லா.

சபைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். திருவிழாவில் ஒரு டன் சப்பரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடுகிறவர்கள், ஒரு துண்டுப் பஞ்சுக்கு முன்னால் வெலவெலத்துப்போய் நின்றார்கள்.

“இந்தப் பஞ்சு வேற என்னெல்லாம் சொல்லும் டாக்டரம்மா?” என்று கறிக்கடை துரீதோ கேட்டான்.

“உன் அப்பா யாருன்னு சொல்லும். வாயைத் திற,” என்றான் பின்னால் நின்றவன்.

“அப்ப உனக்குத்தான்டா முதல்ல எடுக்கணும்!”

சபைத் தலைவர் லிபோரியோ அதட்டினார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஆனால் சபையின் சிவப்புக் கச்சையை இடுப்பில் கட்டிவிட்டால் கர்தினாலே வந்து நிற்பதுபோல ஒரு கம்பீரம். “பொம்பளைங்க யாராவது தொட்டிருக்காங்களா?” என்று ஒர்னெல்லா கேட்டபோது அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“இந்த ஊர்லயா? இத்தனை நூறு வருஷத்துல ஒரு பொம்பளை விரல் பட்டதில்ல. அப்படிப் பட்டுச்சுன்னா சாவி வச்சிருக்கிறவன் கச்சையைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவனுக்கும் சபைக்கும் அப்புறம் ஒட்டுமில்ல உறவுமில்ல.”

தானோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

ஃபிலிப்பா வாசற்படியிலிருந்து அப்பாவைப் பார்த்தாள். ஒட்டுமில்லை உறவுமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சபையிலிருந்து நீக்கப்பட்டவனின் சவப்பெட்டியைச் சபை தூக்காது. பாட்டில்லை, கொடியில்லை, தோள் கொடுக்க ஆளில்லை. கீழூரிலிருந்து வாடகை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஊருக்கெல்லாம் தோள் கொடுத்த மனிதர் அவள் அப்பா. சாவுக்கு அவர் பயப்பட்டு அவள் பார்த்ததில்லை, அந்த வண்டிக்குத்தான் பயப்படுவார்.

ஒர்னெல்லா குப்பிகளோடு வடக்கே போனார். வெயில் ஏறியது. திருவிழா நெருங்கியது. ஒரு நாள் காலை சவேரியோ சாமி போனைக் கையில் பிடித்தபடி சதுக்கத்துக் காப்பி பாருக்குள் வந்து, தனக்குத்தானே பேசுகிறவர்போல உளறிவிட்டார்: “டாக்டர் போன் பண்ணாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றாங்களாம். எலும்புல பொம்பளை அடையாளம் இருக்காம்.”

பாரில் காலைப் பசிக்கு எலுமிச்சை ஐஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

மற்ற ஊராக இருந்தால் இந்த வார்த்தையை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருப்பார்கள். காஸ்த்ரொபியான்காவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: எவளோ தொட்டிருக்கிறாள். எவள்? மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பெண்கள்மேல் மீதிப் பாதிக்குச் சந்தேகம். லிபோரியோ கச்சையைக் கட்டிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலேயே சபை கூடும், சாவிக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று வீட்டில் தானோ சாப்பிடவில்லை. கத்தரிக்காயைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீ ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்.”

“பொய் சொல்லச் சொல்றியா? மாமா முன்னாடி?”

“வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் சொல்றேன். அது பொய்யில்ல.”

“புள்ளைக்குக் காய்ச்சல்னு வந்து நிக்கிறா. நான் சட்டம் பேசிட்டு நிக்கவா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாமாவும் ஒண்ணும் சொல்லலியே. ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கலியே,” என்றார். வெறும் எலும்புக்கு முகம் ஏது என்று கேட்க ஃபிலிப்பாவுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழூர் ரயில் நிலையத்திலிருந்து ஒர்னெல்லாவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவள் ஃபிலிப்பாதான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே, வேறு ஆளில்லாத பஸ்ஸில், அவள் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

“டாக்டரம்மா, அது பொம்பளைதானா? நிச்சயமா?”

“ஓ, விஷயம் வெளியில வந்துடுச்சா? நிச்சயம்தான். ரெண்டு தடவை பார்த்துட்டோம்.”

“எந்த வயசுப் பொம்பளைன்னுகூடத் தெரியுமா?”

“முப்பதைத் தாண்டியிருக்கும். நல்ல உழைப்பாளி. கை நல்ல வலுவான கை. நிறைய மாவு பிசைஞ்சவங்களுக்கு வர்ற வலு.”

ஃபிலிப்பா இன்னும் கொஞ்சத்தில் பஸ்ஸை மதிலில் ஏற்றியிருப்பாள். ரொட்டிக்கடை ஜூசி! முப்பத்தி நாலு வயது, மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு ஆஸ்துமா. ஒரு துண்டுப் பஞ்சு இத்தனையுமா சொல்லும்? மாவு பிசைவதைக்கூடவா காட்டிக்கொடுக்கும்? விஞ்ஞானம் இந்த அளவுக்கு வளர்ந்தது அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஊர் வந்து சேர்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

கோயில் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சிவப்புக் கச்சைகள். தானோ தனியாக ஒரு நாற்காலியில், சாவியைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். லிபோரியோ தொண்டையைக் கனைத்து, “சாவிக்காரரே, உங்ககிட்ட ஒரு கேள்வி,” என்று ஆரம்பித்தார். தானோ எழுந்திருக்க முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபிலிப்பா எழுந்துவிட்டாள்.

“அவரைக் கேக்காதீங்க. நான்தான். அவர் தூங்கறப்ப கழுத்துல இருந்து சாவியைக் கழட்டிட்டுப் போய்த் தொட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

கோயில் மூச்சை இழுத்தது. தானோ மகளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கச்சிதமாக முடிந்தது என்று ஃபிலிப்பா நினைத்தாள். ஆனால் பக்கவாட்டு வரிசையில் ரொட்டிக்கடை ஜூசி எழுந்தாள். நல்ல மனசுக்காரி, அதுதான் வினை.

“ஃபிலிப்பாக்கா பொய் சொல்றாங்க. அவங்க எதுக்குத் திருடணும்? நான்தான் தொட்டேன். என் பையனுக்கு மூச்சு முட்டினப்போ தானோ ஐயாவே கதவைத் திறந்து, கண்ணாடியைத் திறந்து, ‘தொட்டுக்கம்மா’ன்னாரு. அவர் நல்லா இருக்கணும்!”

அடிப்பாவி என்று ஃபிலிப்பா பல்லைக் கடித்தாள். ஆனால் அணை உடைந்துவிட்டது. தையல்காரி எழுந்தாள்: அவளும் தொட்டிருந்தாள், தானோ ஐயா அவள் குழந்தையைக்கூடத் தூக்கிப் பிடித்துக்கொண்டாராம். பள்ளிக்கூட ஆசிரியை எழுந்தாள், தொட்டது மட்டுமில்லை, முத்தமும் கொடுத்தேன் என்றாள். துரீதோவின் மனைவி எழுந்தபோது துரீதோ, “நீயுமாடி?” என்றான். “உன் புள்ளைக்குத்தான்டா, வேற யாருக்கு?” என்றாள் அவள். ஒவ்வொருத்தியும் கண் கலங்க தானோவைப் புகழ்ந்தாள், ஒவ்வொரு புகழ்ச்சியும் அவர் கச்சையின் முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தது. லிபோரியோவின் முகத்தில் ஈயாடவில்லை.

“போதும்!” என்று கத்தினார். “தானோ, இத்தனை வருஷமா மாமாவோட மானத்தை…”

“லிபோரியோ, உக்காருடா.”

தூணோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். லிபோரியோவைப் பெற்ற தோன்னா அகாத்தா. ஊன்றுகோலை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“உனக்கு வயசு ரெண்டு. உடம்பு கணகணன்னு கொதிக்குது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அப்ப சாவி தானோவோட அப்பன்கிட்ட இருந்துச்சு. அவரும் தொறந்துதான் விட்டாரு. உன் கையைப் புடிச்சு நான்தான் மாமா மேல வச்சேன். இப்ப மானம் பேச வந்துட்டான், மீசையை முறுக்கிக்கிட்டு.”

அறுபத்தெட்டு வயது லிபோரியோ உட்கார்ந்தார். அந்த ஊரில் யாரானாலும் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சட்டம் சட்டம்தானே. தானோ தள்ளாடி எழுந்து, ஒருவரும் கேட்காமலேயே, கச்சையை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. ஃபிலிப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உதவி செய்யவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

இத்தனையையும் பீடத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒர்னெல்லா, சவேரியோ சாமியின் பக்கம் குனிந்து கேட்டார். ஒலிவாங்கி திறந்திருந்ததால் அது ஊருக்கே கேட்டது.

“இவங்கல்லாம் எந்தக் குத்தத்தை ஒத்துக்கறாங்க?”

“மாமாவைத் தொட்டதை. நீங்கதானே பொம்பளை அடையாளம் இருக்குன்னீங்க?”

ஒர்னெல்லா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“மேல யார் தொட்டதுன்னு நான் சொல்லவே இல்லியே. மேல இந்த ஊர்ல பாதிப் பேர் இருக்கீங்க. லிப்ஸ்டிக்கூட இருந்துச்சு, அதை நான் அறிக்கையில எழுதலை. நான் பொடி எடுத்தது எலும்புக்கு உள்ளேயிருந்து. உள்ளே ஒரே ஆள்தான். அந்த எலும்பு ஆயிரத்தி எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்தவங்களோடது. முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா நீங்க சொல்ற காலத்தோட ஒத்துப்போகுது. கூர்மையான ஆயுதத்தால ஒரே வெட்டு, அதுவும் தெரியுது. புனிதரான்னு என் கருவி சொல்லாது. ஆனா…” என்று நிறுத்தினார். இதை எப்படிச் சொல்வது என்று முதல்முறையாகத் தடுமாறுகிறவர்போல் இருந்தது. “ஆனா அவர் அவரில்ல. அவங்க ஒரு பொம்பளை.”

“மாமா?” என்றான் துரீதோ.

“மாமா இல்லை,” என்றார் ஒர்னெல்லா.

முதலில் சிரித்தது தோன்னா அகாத்தா. பல்லில்லாத வாயைத் திறந்து, ஊன்றுகோல் ஆட ஆடச் சிரித்தாள். பிறகு ஜூசி. பிறகு அந்தப் பக்கம் முழுவதும். சிரிப்பு ஆண்கள் வரிசைக்கு மட்டும் வந்து சேரவில்லை. அங்கே ஒவ்வொரு முகமாகச் சிவந்துகொண்டு வந்தது. லிபோரியோ சட்டத்தை, ஆண் கை படக்கூடாது என்று, மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் உதடு அசைவதிலேயே தெரிந்தது.

“அப்போ,” என்றான் துரீதோ, யாரும் கேட்க விரும்பாத கேள்வியை எப்போதும் கேட்கிறவன், “நாம வருஷா வருஷம் வரிசையில நின்னு முத்தம் குடுத்தது?”

லிபோரியோ எழுந்து தானோவிடம் வந்தார். பாதி அவிழ்ந்திருந்த கச்சையைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே அதைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். “தானோ, இங்க மானத்தோட நடந்துக்கிட்டவங்க பொம்பளைங்க மட்டும்தான் போலிருக்கு. நமக்கெல்லாம் சேத்து யாரு மன்னிப்புக் கேக்கறது?” என்றார். அப்புறம் அழுதார் என்று துரீதோ இன்றைக்கும் சொல்கிறான். லிபோரியோ அது வியர்வை என்கிறார்.

சப்பரத்தை யார் தூக்குவது என்பதில் மட்டும் சில நாள் சண்டை நடந்தது. சப்பரத்தை ஆண்கள் தூக்கலாம், வெள்ளிக் கையை ஏற்றி இறக்குவது பெண்கள் என்று தோன்னா அகாத்தா தீர்ப்புச் சொன்னாள், அதற்குமேல் முறையீடு இல்லை. பெயரில் கடைசி எழுத்தை மாற்றி மெலாந்த்ரா என்று சவேரியோ சாமி புதுத் துணிக்கொடி எழுதச் சொன்னார். அத்தை என்று கூப்பிட ஊரார் வீட்டுக்குள் பழகிப் பார்த்தார்கள். வாய் தவறி மாமா என்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

தானோதான் ஊமையாகிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலையில் கோயிலுக்குப் போகவில்லை. காப்பியை வீட்டிலேயே குடித்தார். கச்சையும் தப்பித்தது, சவப்பெட்டிக்குத் தோளும் தப்பித்தது, பிறகு ஏன் இந்த முகம் என்று ஃபிலிப்பாவுக்குப் புரியவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள், எலும்பைச் சுத்தமான பஞ்சால் துடைத்து வைக்க வேண்டிய நாள், அவளே அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

பின் அறை வாசலில் அவர் நின்றுவிட்டார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்.”

“யாரும் உன்கிட்ட கேக்கலியேப்பா. லிபோரியோவே கட்டிவிட்டுட்டாரே.”

“அவன் கேக்கல. எனக்கே கூசுது.” தொப்பியைக் கையில் சுருட்டினார். “எத்தனை வருஷம் ஃபிலிப்பா. தினம் துணியை எடுத்துத் துடைச்சிருக்கேன். உங்கம்மாவோட போட்ட சண்டை, எனக்கு மூலம் வந்தது, ஒண்ணு பாக்கியில்ல, எல்லாம் சொல்லியிருக்கேன். ஆம்பளைக்கு ஆம்பளைன்னு நெனச்சுத்தானே சொன்னேன். அவங்க என்ன நெனச்சிருப்பாங்க? ஒரு வார்த்தை சொல்லாம எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்களே.”

ஃபிலிப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வருமோ என்ற பயத்தில் அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். வெள்ளிக் கையைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் வாசற்படியிலிருந்து பார்த்த எலும்பு, மஞ்சளாக, தன் முன்கை அளவே இருந்தது. பஞ்சை எடுத்துத் துடைத்தாள். இத்தனை லேசானதா இது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு காலத்தில் மாவு பிசைந்த கை. யாரையோ வெட்டமாட்டேன் என்றதோ, வேறு எதற்கோ முடியாது என்றதோ, எலும்பு சொல்லவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் அவள் பஞ்சை அழுத்தாமல் வைத்து எடுத்தாள்.

வாசலில் அப்பா உள்ளே பார்க்காமல், வேறு வீட்டுப் பெண் குளிக்கும் இடத்தில் வந்து சிக்கிக்கொண்டவர்போல, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஃபிலிப்பா,” என்றார் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே. “நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“கோவமா இருக்காங்களா?”

ஃபிலிப்பா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“கோவமில்ல. ஆனா இத்தனை நாளா தினம் வந்து பேசிக்கிட்டிருந்தவரைக் காணோமேன்னு தேடினாங்களாம். இப்ப வெளியில நிக்கிறது யாருன்னு கேக்கறாங்க.”

அப்பாவின் தோள் குலுங்கியது. திரும்பாமலேயே தானோ சொன்னார்:

“மருமகன்தான்னு சொல்லும்மா.”